சாரலில் ஒழுகுகிறதா, அடைமழையில் ஒழுகுகிறதா: கூரைக்கு எதைச் செய்வது?

செங்கோட்டை, புளியரை, தென்காசி பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்றோடு வரும் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் அடைமழை. ஒரு மழையில் நனைந்த தளம் காய்ந்து முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஆகவே கூரையில் ஒரு சின்ன ஈர வட்டம் தெரிந்தால், "மழை விடட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட இங்கே இடமே இல்லை. நிஜமாகவே காய்ந்த தளம் கிடைப்பது மாசி, பங்குனியில்தான். சித்திரை பிறந்தால் கோடை மழை ஆரம்பித்துவிடும்.

கூரை வேலைக்கு ஆள் கூப்பிட்டால் ஒருவர் வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்வார். இன்னொருவர் பழைய தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்வார். புனலூர் பக்கத்துச் சொந்தக்காரர் வந்தால், மொத்தமாக மேலே ஷீட் போட்டுவிடுங்கள், கவலை விட்டது என்பார். மூன்றுமே சரியான வேலைகள்தான். உங்கள் வீட்டுக்கு எது என்பதைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளாக வருகிறது என்ற இரண்டு கேள்விகள் முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் காட்டும் டப்பா அதை முடிவு செய்யக்கூடாது.

முதலில் எந்த மழை என்று பாருங்கள்

எல்லைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. மழை வரும் திசையே பாதி விடையைச் சொல்லிவிடும்.

ஆடிச் சாரலில் சுவரில் ஈரம் ஊறி ஓதம் காக்கிறது, ஐப்பசியில் கொட்டித் தீர்த்தாலும் ஒன்றும் ஆகவில்லை என்றால், குற்றவாளி பெரும்பாலும் தளம் அல்ல, மேற்குச் சுவர். சாரல் மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் அடிப்பதுதான் அதிகம். சுவர்ப் பூச்சில் இருக்கும் மயிரிழை வெடிப்பு, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, சன்ஷேடு சுவரோடு சேரும் மூலை, இந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். ஈரம் சுவரின் மேல் பாகத்தில் தெரிவதால் கூரைதான் ஒழுகுகிறது என்று நினைத்து, மாடி முழுக்கப் பணத்தைக் கொட்டியவர்கள் இங்கே நிறைய. மேற்குச் சுவர் வெடிப்புகளை வெட்டி அடைத்து, வெளிப்புறத்துக்கென்று வரும் நீர்க்காப்பு பெயிண்டை இரண்டு கை அடித்திருந்தால் தீர்ந்திருக்கும்.

ஐப்பசியில் மழை பெய்து ஓய்ந்து, ஒரு நாள் கழித்துச் சொட்ட ஆரம்பித்தால், தளத்தின் மேல் எங்கோ தண்ணீர் தேங்குகிறது. தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, அதாவது வாட்டம் சரியில்லை, அல்லது மழைநீர்க் குழாய் வாய் அடைத்திருக்கிறது. மழை பெய்யும்போதே சொட்டி, நின்றதும் நின்றால், நேர் வழி ஒன்று திறந்திருக்கிறது. உடைந்த ஓடு, குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் அடி, இவற்றைப் பாருங்கள். பங்குனி வெயிலிலும் ஈரம் போகவில்லையா? அது மழையே இல்லை. மேலே உள்ள தண்ணீர்த் தொட்டி, குளியலறை, சுவருக்குள் ஓடும் குழாய் இவற்றில் ஒன்று.

இதை உறுதி செய்ய ஒரு பென்சில் போதும். ஈர வட்டத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: கான்கிரீட் தளத்தில் மேலே தண்ணீர் இறங்கும் இடமும் கீழே சொட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே ஓடும் கரண்ட் பைப் வழியாகவே தண்ணீர் நகர்ந்து, அடுத்த அறையின் ஃபேன் கொக்கியில் வந்து சொட்டும். அப்படிச் சொட்டினால் முதல் வேலை அந்த அறைக்கான மின்சாரத்தை மெயினில் நிறுத்துவது. வாளியைத் தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

தள்ளிப்போட்டால் உள்ளே என்ன நடக்கிறது

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சுற்றிச் சிமெண்டின் காரத்தன்மை ஒரு காப்பு மாதிரி நிற்கிறது. வருஷக்கணக்கில் காற்றும் ஈரமும் இறங்க இறங்க அந்தக் காரம் குறைகிறது, கம்பி துருப்பிடிக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் எடுத்துக்கொள்ளும். உள்ளிருந்து அது நெம்புவதால்தான் கீழ்ப்பூச்சு உப்பிப் பெயர்ந்து விழுகிறது. தளத்தின் அடியில் கம்பிக்கும் காற்றுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட் சுமார் 20 மில்லிமீட்டர்தான், ஒரு அங்குலம்கூட இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் வரும். 8 மில்லிமீட்டர் கம்பி சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் அரிக்கப்பட்டால் 6 மில்லிமீட்டர் ஆகிவிடும். பார்க்க அதிகம் குறைந்ததாகத் தெரியாது. ஆனால் சுமை தாங்கும் இரும்பின் அளவு 44 சதவீதம் போய்விட்டது.

இந்த அழிவு சொல்லிக்கொண்டுதான் வருகிறது. முதலில் ஈர வட்டம். அப்புறம் அதன் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு கம்பி போகும் வரிசையிலேயே பழுப்புக் கறை அல்லது நேர்க்கோட்டு வெடிப்பு. அடுத்து, கழியால் தட்டினால் பூச்சு 'டொப் டொப்' என்று வெற்றாகச் சத்தம் போடும். கடைசியில் பூச்சும் கான்கிரீட்டும் சேர்ந்து விழுந்து கம்பி தெரியும். முதல் இரண்டு கட்டத்தில் இது ஒரு கொத்தனாரும் ஒரு கையாளும் சில நாளில் முடிக்கிற வேலை. கம்பி தெரிந்த பிறகு அடியில் முட்டுக் கொடுத்து, கெட்ட கான்கிரீட்டை வெட்டி, கம்பியைத் தேய்த்து, தேவையானால் புதுக் கம்பி சேர்த்து, அதற்கான தனிக் கலவையை வைத்துப் பூச வேண்டும். அதற்கு ஒரு கட்டடப் பொறியாளர் வந்து பார்த்தே ஆக வேண்டும். செலவு பல மடங்கு, அத்தனை நாளும் அந்த அறையில் குடியிருக்கவும் முடியாது.

ஓதம் காக்கும் சுவரில் பூஞ்சை பிடிக்கும். வீசிங் உள்ள குழந்தையோ பெரியவரோ வீட்டில் இருந்தால் அதுவே போதும் வேலையை உடனே எடுக்க.

ஓட்டு வீடா? ஓட்டை விட்டுவிடாதீர்கள்

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். பழைய வீடுகள் பல கொல்லம் பக்கத்து வீடுகளைப் போலச் சாய்ந்த ஓட்டுக் கூரையோடு இருப்பது தற்செயல் இல்லை. சாரலுக்கு ஏற்ற கூரை அதுதான். தண்ணீர் நிற்க இடமே கொடுக்காது. உடைந்தது தெரியும், உடைந்ததை மட்டும் மாற்றலாம். கான்கிரீட்டில் இந்த இரண்டும் நடக்காது.

ஓட்டுக் கூரை ஒழுகினால் மூன்று வழி உண்டு. உடைந்த ஓட்டை மட்டும் மாற்றுவது. மொத்தமாகப் பிரித்து மறுபடி மேய்வது. ஓட்டை இறக்கிவிட்டு ஷீட் போடுவது.

ஒழுகல் ஓரிரண்டு இடத்தில் மட்டும் என்றால் ஓடு மாற்றினால் போதும். குரங்கு ஏறி உடைக்கிற ஊர் இது, வருஷா வருஷம் நாலு ஓடு உடையத்தான் செய்யும். மாற்றும்போது ஒரே கம்பெனி ஓடாகத் தேடுங்கள். மங்களூர் ஓடு பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும், ஒவ்வொரு தொழிற்சாலை அச்சும் கொஞ்சம் மாறும். வாய் ஒன்றில் ஒன்று சரியாக உட்காராவிட்டால் சாரல் அந்த இடைவெளியில்தான் நுழையும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் அதே முத்திரை உள்ள ஓடு கிடைத்தால் ஒரு ஐம்பதை வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஓட்டின் மேல் சிமெண்டை அப்புவது மட்டும் வேண்டாம். வெயிலில் அது விலகிக்கொள்ளும், அந்த இடுக்கில் தண்ணீர் நின்று கீழே ஓட்டைத் தாங்கும் பட்டியல் மரத்தை உளுக்க வைக்கும்.

பல இடத்தில் ஒழுகுகிறது, கூரை வரிசை எங்கோ தொய்ந்து தெரிகிறது என்றால் ஓட்டை மாற்றி ஒன்றும் ஆகாது. மரம்தான் கெட்டிருக்கிறது. ஓட்டைப் பிரித்து, கரையான் தின்ற கைமரத்தையும் பட்டியலையும் மாற்றி, மறுபடி மேய வேண்டும். ஒரே வருஷத்தில் முடியாவிட்டால் மேற்குச் சரிவை முதலில் செய்யுங்கள், அடி வாங்குவது அதுதான். முகட்டு ஓட்டின் கீழ்க் கலவையையும், இரண்டு சரிவு சேரும் மூலையில் இருக்கும் தகரத்தையும் அதே சமயத்தில் புதுப்பித்துவிடுங்கள். அந்தத் தகரத்தில் சருகு அடைத்துத் தண்ணீர் பொங்கி உள்ளே விழுவதை "ஓடு ஒழுகுகிறது" என்று சொல்கிறவர்கள் அதிகம்.

மூன்றாவது வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மரம் மொத்தமும் போய்விட்டது, ஆசாரி கூலிக்கும் மரத்துக்கும் வழியே இல்லை என்றால் தவிர, நல்ல ஓட்டை இறக்கிவிட்டு ஷீட் போடுவது வீட்டைச் சூடாக்கி, மழைச் சத்தத்தைக் கூட்டிக்கொள்வது. மரச்சட்டத்துக்குப் பதில் இரும்புக் குழாய்ச் சட்டம் அடித்து, அதே ஓட்டைத் திரும்ப மேய்வது இப்போது கேரளப் பக்கம் பரவலாக நடக்கிறது. அது நல்ல நடுவழி.

தட்டட்டி வீட்டுக்கு: பூச்சா, தளமா, ஷீட்டா

தட்டையான கான்கிரீட் தளத்தில்தான் குழப்பம் அதிகம், செலவும் அதிகம். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் எந்த வழிக்கும் பொதுவான ஒன்று. 1000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அதே மாடிக்குக் கணக்குப் போட்டால் 88 ஆயிரம் லிட்டர். இதை எந்தப் பூச்சும் தடுத்து நிறுத்திக்கொண்டு இருக்காது. தண்ணீர் ஓட வேண்டும். பத்தடி நீளத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் அங்குல வாட்டமும், ஏறக்குறைய 400 சதுர அடிக்கு ஒரு நான்கு அங்குலக் குழாயும் இருந்தால்தான் மற்ற பேச்சு. இது இல்லாத மாடியில் என்ன செய்தாலும் இரண்டு வருஷத்தில் திரும்ப அதே இடத்துக்கு வருவீர்கள்.

வாட்டம் நன்றாக இருக்கிறது, வீடு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு உட்பட்டது, மயிரிழை வெடிப்புகள் மட்டும் தெரிகின்றன என்றால் பூச்சு போதும். கம்பி பிரஷ்ஷால் பாசியையும் தூசியையும் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, வெடிப்புகளை 'வி' வடிவில் வெட்டி அடைத்து, கைப்பிடிச் சுவர் சேரும் மூலையில் கலவையைச் சாய்வாக வளைத்துப் பூசி, அதன் மேல் வலைத்துணி வைத்து அக்ரிலிக் பூச்சை இரண்டு மூன்று கை அடிக்க வேண்டும். வலைத்துணி ஏன் என்று கேட்கலாம். பத்து மீட்டர் நீளத் தளம், இரவுக்கும் உச்சி வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால், சுமார் 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். வெறும் பூச்சு அந்த வெடிப்பின் மேல் மறுபடி கிழியும், துணி அதைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளை நிறமாக இருந்தால் தளம் சூடாவதும் குறையும்.

பூச்சின் குறை, அது தேயும். வற்றல் காயப்போட, துணி உலர்த்த, தினமும் நடமாடும் மாடியில் மூன்று முதல் ஐந்து வருஷத்தில் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். பாலியூரிதேன் பூச்சு அதைவிட அதிக நாள் தாங்கும், விலையும் அதிகம். தார் ஷீட்டை நெருப்பில் உருக்கி ஒட்டும் முறையும் இருக்கிறது. ஆள் நடக்காத மாடிக்கு அது சரி, மற்றபடி வெயிலில் கறுப்பு மாடி வீட்டை வாட்டும்.

வீடு இருபது, முப்பது வருஷம் ஆனது, மழை விட்ட மறுநாளும் மாடியில் தண்ணீர் குளமாக நிற்கிறது, மேலே பதித்த தட்டை ஓடு (தட்டோடு) பல இடத்தில் ஆடுகிறது என்றால் பூச்சு வீண். கான்கிரீட்டின் மேல் போட்டிருக்கும் பழைய ஜல்லித் தளத்தைக் கொத்தி எடுத்து மறுபடி போடுவதுதான் சரியான வழி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிக்கும் சுருக்கித் தளத்தை நம் பக்கத்துப் பழைய கொத்தனார்கள் நன்றாகச் செய்வார்கள். சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் மழைக்கும் நெகிழ்ந்து கொடுக்கும். அவசரத்துக்குச் சுண்ணாம்பை விட்டுச் சிமெண்டில் ஜல்லி கலந்து போட்டால் அது விறைத்து வெடிக்கும். தட்ட ஆள் கிடைக்கவில்லை என்றால், கான்கிரீட்டின் மேல் நேராக நீர்க்காப்புக் கலவை இரண்டு கை பூசி, அதன் மேல் வாட்டம் பிடித்து, கூலிங் டைல்ஸ் ஒட்டி, இடுக்குகளை எபாக்ஸியால் அடைப்பது இன்றைய வழி. டைல்ஸ் மட்டும் தண்ணீரைத் தடுக்காது. தடுப்பது அதன் கீழே இருக்கும் பூச்சு. கான்ட்ராக்டர் அதை விட்டுவிட்டு டைல்ஸ் மட்டும் ஒட்டினால் ஒழுகல் அப்படியே இருக்கும், வெடிப்பு மட்டும் கண்ணுக்கு மறைந்துபோகும்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ளாதீர்கள்: பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தளம். மூன்று அங்குல ஜல்லித் தளம் சதுர அடிக்கு ஏறக்குறைய 13 கிலோ. 1000 சதுர அடிக்கு 13 டன். ஏற்கெனவே கம்பி துருப்பிடித்த தளத்தின் மேல் அந்தச் சுமையை ஏற்றுவது ஆபத்து. கொத்தி இறக்கும் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் உயிரோடு விளையாடக்கூடாது.

சரி, ஷீட் கூரை. புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் போனால், கான்கிரீட் வீட்டின் தலையில் இரும்புச் சட்டம் நட்டு ஷீட் போட்ட வீடுகள் வரிசையாகத் தெரியும். அங்கே மழை அதிகம், தட்டை மாடி தாங்கவில்லை, அதனால் வந்த ஏற்பாடு. ரப்பர் ஷீட்டும் பாக்கும் உலர்த்த நிழலான இடமும் கிடைத்தது. நம் பக்கத்துக்கும் அது பல வீடுகளில் பொருந்தும். குறிப்பாகத் தளம் பலவீனமாகி, புது எடை எதையும் ஏற்ற முடியாத வீட்டில் இதுதான் பாதுகாப்பான வழி. மழை தளத்தைத் தொடுவதே நின்றுவிடுகிறது, வீடும் குளிர்ச்சியாக இருக்கிறது.

ஆனால் கணவாய்க் காற்றை நினைவில் வையுங்கள். ஆனி, ஆடியில் இங்கே அடிக்கும் காற்று ஷீட்டைக் கீழிருந்து தூக்கப் பார்க்கும். கால் குழாய்களைக் கைப்பிடிச் சுவரின் செங்கல்லில் போல்ட் அடித்து நிறுத்துவது பலரும் செய்கிற தவறு. தூண் இருக்கும் வீட்டில் தூணுக்கு மேல், தூண் இல்லாத பழைய வீட்டில் கீழே சுவர் வரும் இடத்துக்கு மேல் மட்டும் கால் ஊன்ற வேண்டும், அறையின் நடுவில் கூடாது. ஷீட்டை வெளியே நீட்டி விடுவது இரண்டடிக்கு மேல் வேண்டாம். நெளிவு ஷீட்டில் திருகு மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் அதன் வழியே சொட்டும். ஒவ்வொரு திருகுக்கும் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். மேற்குப் பக்கம் திறந்திருந்தால் சாரல் உள்ளே வந்து தளத்தை நனைக்கத்தான் செய்யும், அங்கே அரைச் சுவர் உயரத்துக்காவது மறைப்பு வேண்டும். ஊராட்சியிலோ நகராட்சியிலோ முன்கூட்டியே அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். கேரள எல்லைக்குள் வீடு இருந்தால் அங்கேயும் அப்படித்தான்.

ஷீட் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம். கீழே கம்பி தெரியும் இடங்களைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் கான்கிரீட் தொடர்ந்து உதிரும்.

உள்ளேயிருந்து பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங்

இவை இரண்டும் நிவாரணம் இல்லை. மேலே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்க, கீழே ஓதம் தடுக்கும் பெயிண்ட் அடித்தால் தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கி, கம்பியைச் சாவகாசமாகத் தின்னும். ஃபால்ஸ் சீலிங் அதை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கும். ஒழுகிய கூரை இரண்டு மழைக்காலம் காய்ந்தே இருப்பதைப் பார்த்த பிறகு சீலிங் போடுங்கள்.

சோலார் பலகை வைக்கும் எண்ணம் இருந்தால் வரிசை முக்கியம். நீர்க்காப்பு வேலை முதலில், பலகை அப்புறம். கால் ஊன்றிய பிறகு கீழே பூச வழி இருக்காது.

ஆளைப் பேசும்போது

மூன்று பேரிடமாவது எழுத்தில் விலை வாங்குங்கள். சதுர அடிக்கு எவ்வளவு என்பது மட்டும் போதாது. பழையதைக் கொத்தி இறக்கும் கூலி, கைப்பிடிச் சுவரில் எத்தனை அங்குலம் ஏற்றிப் பூசுவார்கள், குழாய் வாய்களை யார் சரிசெய்வது, வாட்டம் எவ்வளவு, எத்தனை கை, இதெல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். பூச்சு கைப்பிடிச் சுவரில் ஓரடியாவது ஏற வேண்டும்.

வேலை முடிந்ததும் தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனை கட்டாயம். குழாய் வாய்களை அடைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து உள்ளே பாருங்கள். சதுர அடிக்குச் சுமார் இரண்டரைக் கிலோதான், நல்ல தளம் தாங்கும். கம்பி தெரியும் தளத்தில் மட்டும் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். இந்த வேலையைப் பங்குனிக்குள் முடித்தால் சோதனையில் தெரியும் குறையைத் திருத்த வைகாசி வரை நேரம் இருக்கும்.

பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். கால் பங்கை நிறுத்தி வைத்து, ஆடிச் சாரல் ஒரு தடவை, ஐப்பசி மழை ஒரு தடவை பார்த்த பிறகு தருவதாக முன்னாலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நம்பிக்கையோடு வேலை செய்கிறவர் இதற்குச் சம்மதிப்பார். சம்மதிக்காதவரிடம் அந்த மாடியைக் கொடுக்காதீர்கள்.